கைக்கு வராத சொல்

மேடையின் இடது பக்கத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்கும் கட்டி வைத்திருந்த வாழை மரத்துக்கும் நடுவில், பேச்சைச் சைகையில் மொழிபெயர்க்க வந்த கஜானிக்கு இடம் விட்டிருந்தார்கள். அங்கே நின்றால் வாழை இலைதான் சைகை காட்டும் என்று அவள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். கூட்டத்தை ஒழுங்கு செய்த உதயரூபன் ஒரு காதில் போனும் ஒரு கையில் பூமாலையுமாக ஓடித் திரிந்தான்.

"கொஞ்சம் சமாளியுங்களன் மிஸ். வேட்பாளர் சேர மறைக்காம நிண்டாக் காணும்."

"அவங்க என்ட கையத்தான் பாக்கணும் உதயன். கை தெரியல்லண்டா அவங்களுக்கு இஞ்ச கூட்டமே நடக்கல்ல."

உதயரூபன் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மாலையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வாழை மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தான். முன்வரிசையே சிரித்தது.

நீலக் கதிரைகளில் செவிப்புலனற்றோர் சங்கத்தார் நிறைந்து இருந்தார்கள். தேர்தல் கூட்டமொன்றில் தங்களுக்கென்று முன்வரிசை போடப்பட்டதை அவர்களில் ஒருவரும் அதுவரை கண்டதில்லை. அமிர்தகழிக்காரர், கல்லடியிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள், வாக்கு வேறு சபையில் இருந்தாலும் வேடிக்கை பார்க்க வந்துவிட்ட காத்தான்குடி ஜெமீலா என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்த சனத்துக்கு அது சத்தமில்லாத வரிசை. கஜானிக்கோ அந்த மைதானத்தில் அதைப்போல இரைச்சலான இடம் வேறு இல்லை. வேட்பாளரின் மீசைக்குச் சாயம் பூசியிருக்கிறதா, கடைசியில் பார்சல் தருவார்களா, தந்தால் கோழியா மீனா என்று கைகள் பறந்தன. மேசன் வேலை செய்யும் பிரதீஸ் எழுந்து வந்து ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்து, பாட்டின் அதிர்வுக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றான். வரிசையின் நடுவில், சங்கத்தின் தலைவியாக, மாம்பழ நிறச் சேலையில் வதனி இருந்தாள். கஜானியின் அக்கா.

வதனிக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது காதையும் கொண்டுபோனது. கஜானி பிறந்தபோது வீட்டில் கைப்பேச்சு ஏற்கெனவே வளர்ந்திருந்தது. அவள் வாயால் அம்மா என்று சொல்லுமுன்னே கையால் அக்காவைக் கூப்பிட்டவள். பஸ்ஸிலும், டாக்டருக்கு முன்னாலும், பெண் பார்க்க வந்த வீட்டார் நடுவிலும் வதனிக்கு உலகம் தங்கச்சியின் கை வழியாகத்தான் வந்து சேர்ந்தது. பிறகு சங்கத்தில் மற்றவர்களுக்கும் அப்படியே ஆயிற்று. கஜானி காட்டினாளா, அப்ப சரி என்பார்கள். அதற்கு மேல் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.

கஜானிக்கு வேலை நகரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில். வலுவூட்டல், நிலைபேறு, பங்கேற்பு, உள்வாங்கல் என்ற சொற்களை அரை நித்திரையிலும் வரிசையாகக் கோத்து அறிக்கை எழுதக் கூடியவள். மேலே இருப்பவர்களும் அந்தச் சொற்கள் சரியான இடங்களில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பார்கள். இவற்றுக்கெல்லாம் என்ன கருத்து என்று ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. அவற்றைக் கையால் சொல்ல வேண்டி வரும்போதுதான் அவள் அகப்பட்டுக்கொள்வாள். வாயால் மாற்றம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கையால் சொல்வதென்றால் எது மாறுகிறது, எதுவாக மாறுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கை காற்றில் சும்மா மாறாது.

அவள் திணறுவதைப் பார்த்துப் பார்த்து சங்கத்தார் தங்களுக்கென்று சைகைகள் செய்துகொண்டார்கள். ஒருமுறை கஜானியின் நிறுவனத்தார் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒரு மண்டபத்தில் கூட்டி நல்லிணக்கப் பட்டறை நடத்தினார்கள். கை குலுக்கி, படம் எடுத்து, சாப்பாடு கொடுத்து அனுப்பினார்கள். வதனியும் ஜெமீலாவும் அதற்கு முன்பே எட்டு வருசமாக ஒரே கடையில் அடுத்தடுத்த மெசினில் தைக்கிறவர்கள். புதிதாக என்ன இணக்கம் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் ஜெமீலா சாப்பாட்டுப் பார்சலின் இழையைப் பிரிப்பதுபோலக் காட்டி, இதுதான் நல்லிணக்கம் என்றாள். அன்றிலிருந்து சங்கத்தில் அதற்கு அதுதான் சைகை. அபிவிருத்தி என்றால் கத்தரிக்கோலால் ரிபன் வெட்டுவது. வலுவூட்டல் என்றால் சான்றிதழை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரிப்பது.

வெடிகள் வெடித்தன. பறை மேளம் முன்னே வர, மேயர் வேட்பாளர் அழகரத்தினம் வெள்ளைச் சட்டையோடு சனத்துக்குள்ளால் நடந்து வந்தார். பல வருசம் டியூட்டரியில் அரசறிவியல் படிப்பித்தவர். அவரிடம் படித்தவர்கள் அந்த மைதானத்தில் பாதிப் பேர் இருப்பார்கள். கஜானியே ஒரு வருசம் அவருடைய வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவள்தான். எழுந்து நின்று மைக்கைத் தொட்டாரென்றால் தமிழ் வாய்க்கால் தண்ணியாய் ஓடும். கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

"என் பேரன்புக்குரிய மக்களே!"

கஜானி கையை உயர்த்தினாள். தொடக்கம் சுகமாகத்தான் இருந்தது. ஊர், வாவி, மக்கள், வறுமை, வரி. எல்லாவற்றுக்கும் கையில் சொல் இருந்தது. பிறகு அவர் நல்லிணக்கத்துக்கு வந்தார். கஜானி ஒரு கணம் யோசித்தாள். இரண்டு கையையும் கோத்துக் காட்டலாம். அதற்குள் முன்வரிசையில் நாலைந்து பேர் தாங்களாகவே இழை பிரித்துப் பார்சலைத் திறந்துவிட்டார்கள். பிரதீஸ் மூக்கருகே கொண்டுபோய் மணந்துகூடப் பார்த்தான். வரிசை குலுங்கியது. அழகரத்தினம் கண்ணோரத்தால் கவனித்தார். இவ்வளவு உருக்கமான இடத்தில் இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அபிவிருத்தி என்றார். கத்தரிக்கோல்கள் வெட்டின. அவருடைய குரல் கொஞ்சம் ஏறியது. ஒரு வகுப்பு கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தால் அவர் குரலை உயர்த்துகிறவர். கஜானிக்கு அது ஞாபகம் இருந்தது.

"கடந்த மாரியில் நாம் பட்டதை மறப்போமா?" என்று கேட்டார். "வெள்ள அனர்த்த முன்னாயத்தம் உட்படச் சகல துறைகளிலும், எவரையும் விட்டுவிடாத, எல்லோரையும் உள்வாங்கிய, மக்கள் மையப்பட்ட முறைமை மாற்றத்தை நாம் கொண்டுவந்தே தீருவோம்!"

மைதானம் கைதட்டியது. கஜானி வெள்ளத்தைக் காட்டினாள். விரித்த இரண்டு கையும் இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து நாடிக்கு ஏறின. முன்வரிசையில் சிரிப்பு நின்றது. பிரதீஸ் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். போன மாரியில் வாவி ஏறி, அவன் வீட்டுச் சின்னத் தெருவான ஒழுங்கைக்குள் வந்த விடியற்காலையில், எல்லாரும் வெளியேறுங்கள் என்று ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பிரதீஸுக்கும் கேட்காது, அவன் பெண்சாதிக்கும் கேட்காது. பாய் நனைந்து முதுகு குளிர்ந்த பிறகுதான் எழும்பினார்கள். ஏணைக்குள் கிடந்த பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணிக்குள் அவன் ரோட்டுக்கு நடந்து வந்தான். அதற்குப் பிறகு சங்கத்தில் ஒரே கதைதான். ஒழுங்கைத் தலைப்பில் ஒரு கம்பம், அதில் வெட்டி வெட்டி எரியும் ஒரு சிவப்பு லைட். ஆட்டோ வரும்போது லைட்டும் எரியட்டும். யன்னலால் வெளிச்சம் முகத்தில் அடித்தால் நாங்கள் எழும்பிவிடுவோம். இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. கஜானி அதைத் தன் அலுவலகத்துக்கு எழுதினாள். உள்வாங்கிய முன்னெச்சரிக்கைப் பொறிமுறையின் அவசியம் என்று எழுதினாள். மிக நல்ல அறிக்கை என்று பாராட்டு வந்தது. அந்தச் சொற்களுக்குள் ஒரு லைட் இருக்கிறதென்று வாசித்த எவருக்கும் தெரியவில்லை.

இப்போது பிரதீஸ் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளம் நாடி வரைக்கும் வந்து நிற்கிறது. அடுத்தது என்ன என்று அவன் கண் கேட்டது. முறைமை மாற்றம். கஜானியின் கை அந்தரத்தில் நின்றது. எது மாறும்? எதுவாக மாறும்? பேச்சு அடுத்த வசனத்துக்குப் போகப் போகிறது. அவள் யோசிக்கவில்லை. கை தானாக எழும்பியது. ஒரு கம்பத்தை நட்டது. கம்பத்தின் உச்சியில் பொத்தின கை விரிந்தது, பொத்தியது, விரிந்தது. வெள்ளம் வரும். லைட் வெட்டும். நீங்கள் காண்பீர்கள். எழும்புவீர்கள்.

முன்வரிசை அப்படியே எழுந்து நின்றது. தூக்கின கைகளெல்லாம் விரல் விரித்து ஆடின. அதுதான் அவர்களுடைய கைதட்டல். பிரதீஸ் கதிரைக்கு மேலே ஏறிவிட்டான். ஜெமீலா வதனியைக் கட்டிப்பிடித்தாள். அழகரத்தினத்தின் முகம் மலர்ந்தது. இவ்வளவு நேரமும் சிரித்த வகுப்பு கடைசியில் பாடத்தைப் பிடித்துக்கொண்டது!

"ஆம்! முறைமை மாற்றம்!" என்று முழங்கினார்.

ஒரு சொல்லுக்கு ஒரு தரம் ஒன்றைக் காட்டிவிட்டு அடுத்த தரம் வேறொன்றைக் காட்ட முடியாது. கஜானியின் கையில் லைட் மறுபடி வெட்டியது. வரிசை மறுபடி ஆர்ப்பரித்தது. பின்னால் இருந்த சனமும், என்ன ஏதென்று தெரியாமலே, விசில் அடிக்கத் தொடங்கியது. வேட்பாளர் கையை உயர்த்தி மூன்றாம் தரமும் சொன்னார். யாரோ சீன வெடி கொளுத்திப் போட்டார்கள். கஜானிக்குப் பயமாகவும் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு மேலால், சின்ன வயசில் ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது வயிற்றுக்குள் வருகிற ஒன்று வந்துகொண்டேயிருந்தது. இத்தனை வருசத்தில் அவள் சொன்ன எதற்கும் இவர்கள் இப்படித் துள்ளியதில்லை.

வதனி மேடைக்கு ஏறி வந்தாள். உதயரூபனின் கையிலிருந்த மாலையைப் பறித்து வேட்பாளரின் கழுத்தில் போட்டாள். பிறகு அவருக்கு முன்னால் நின்று, கண்ணில் தண்ணியோடு கையால் பேசினாள். அழகரத்தினம் நெகிழ்ந்துபோய் மைக்கைக் கஜானியிடம் நீட்டினார்.

"தங்கச்சி, அக்கா என்ன சொல்றா எண்டு சனத்துக்குச் சொல்லுங்க."

கஜானி மைக்கை வாங்கினாள்.

"லைட்டுக்கு நன்றியாம் சேர். முதல் லைட்ட பிரதீஸ்ட ஒழுங்கையில போடட்டாம். எப்ப போடுவீங்க எண்டு கேக்கிறா."

"எந்த லைட்?"

அவர் மெதுவாகத்தான் கேட்டார். மைக் நடுவில் இருந்தது. எந்த லைட் என்ற கேள்வி மைதானத்தைச் சுற்றிப் போய் வாவிக் கரையில் பட்டுத் திரும்பி வந்தது.

"நான் லைட்டப் பத்தி ஒண்டும் கதைக்கல்லயே தங்கச்சி."

வதனிக்குக் கேட்கவில்லை. ஆனால் முகம் வாசிக்கத் தெரியாதவள் அல்ல அவள். என்ன சொல்கிறார் என்று கேட்டாள். மேடைக்குக் கீழே உதயரூபன் இரண்டு கையையும் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினான். அந்தச் சைகைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. கெதியில் போடுவாராம் என்று காட்டிவிட்டால் போதும். அக்கா சந்தோசமாக இறங்கிப் போவாள். சனமும் கைதட்டும். இதற்கு முன்பும் பஸ் கொண்டக்டர் திட்டினதைக் கஜானி அவசரம் என்கிறார் என்று காட்டியிருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் கதவுக்கு வெளியே நின்று சொன்னதைச் சாதகம் பொருந்தவில்லையாம் என்று காட்டியிருக்கிறாள். பழகின கைதான்.

கஜானி மைக்கை நாடிக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். கையாலும் வாயாலும் ஒரே நேரத்தில் சொன்னாள்.

"அவர் லைட் எண்டு சொல்லல்ல. நான்தான் சொன்னன்."

ஆடிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கி மடிக்கு வந்தன. பிரதீஸ் கதிரையிலிருந்து இறங்கினான். அந்த வரிசை அவ்வளவு அமைதியாக இருந்து கஜானி கண்டதில்லை. வதனி தங்கச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வந்தால் அவளுடைய கை பெரிதாகப் பேசும். இப்போது நெஞ்சுக்கு அருகில், சின்னதாக, இரண்டு பேருக்கும் மட்டும் தெரிகிற அளவில் அசைந்தது.

அது அக்கா கஜானியிடம் மட்டும் கேட்ட கேள்வி. சனத்துக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் மைக் இன்னும் தோளில் இருந்தது. இன்றைக்கு ஒரு சொல்லையும் முழுங்குவதில்லை என்று அவளுக்குள் ஏதோ பிடிவாதம் ஏறியிருந்தது.

"அக்கா கேக்கிறா," என்றாள். "இப்பிடி இன்னும் எத்தின தரம் மாத்திக் காட்டியிருக்கிற எண்டு."

பின்னால் ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அவரை அதட்டினார். அழகரத்தினம் மாலையைச் சரிசெய்துகொண்டார். கோபப்படுவாரென்று கஜானி நினைத்தாள். அவர் நெற்றியைச் சுருக்கி, வகுப்பில் ஒரு பிள்ளை சிக்கலான கேள்வி கேட்டதுபோலப் பார்த்தார்.

"சரி. நான் சொன்னதுக்கு நீங்க என்னத்தக் காட்டியிருக்கணும்?"

"அதத்தான் சேர் நானும் கேக்கிறன். முறைமை மாற்றம் எண்டா என்ன?"

"முறைமை மாற்றம் என்பது..." என்று தொடங்கினார். தமிழ் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். "அதாவது, இருக்கிற முறைமையை..."

"சொல்லுங்க சேர்!" என்று ஒரு குரல் வந்தது. சந்தையில் றால் விற்கும் இராசாத்தி கதிரைகளுக்குப் பின்னால் எழுந்து நின்றாள். "எங்களுக்கும் காது மட்டுந்தான் கேக்குது. ஒண்டும் வெளங்கல்ல!"

மைதானம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கேலி மட்டும் இல்லை. தங்களுக்கு மட்டுந்தான் விளங்கவில்லை என்று இவ்வளவு காலமும் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். என்ட பக்கத்து ரோட்டுக் கதை என்ன, ஐஸ் கட்டிக்கு என்ன வழி, அத மாத்துவீங்களா, இத மாத்துவீங்களா என்று ஒவ்வொரு பக்கமாகக் குரல் கிளம்பியது. உதயரூபன் பாட்டைப் போடச் சொல்லி ஸ்பீக்கர்காரரைப் பார்த்துக் கை காட்டினான். அவர் வாயைப் பிளந்துகொண்டு மேடையைப் பார்த்தபடி நின்றார்.

அழகரத்தினத்தின் முகம் சிவந்து வியர்த்திருந்தது. ஆனால் கூட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர். கஜானியின் தோளிலிருந்து மைக்கை எடுத்தார்.

"வெள்ளத்துக்கு லைட். நல்ல விசயந்தானே? அத நான் சொல்லல்ல. இப்ப சொல்றன். போடுவம்!"

கைதட்டல் ஓயவில்லை. கஜானி கையை உயர்த்தினாள். போடுவாராம் என்று காட்டுமுன் வதனி எட்டி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். முரட்டுத்தனமாக அல்ல. தைத்து முடித்த துணியை மடித்து வைப்பதுபோல. பிறகு வேட்பாளரைப் பார்த்துச் சுட்டுவிரலை நீட்டினாள். நீங்கள்.

"என்னவாம்?" என்றார் அவர்.

"என்ட கைய இனி நம்பேலாதாம் சேர்." சொல்லும்போதே கஜானிக்குக் கண் கலங்கியது. அதே நேரம் உடம்பெல்லாம் ஏதோ விட்டுப்போனது போலவும் இருந்தது. "நீங்களே காட்டணுமாம்."

"எனக்கு உங்கட பாசை தெரியாதே."

"அக்கா சொல்லித் தருவா."

அழகரத்தினம் சனத்தைப் பார்த்தார். கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். கடைசியில் அதை உதயரூபனிடம் கொடுத்துவிட்டு, மாலையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வலது கையைத் தூக்கினார். வதனி தன் கையைத் தலைக்கு மேலே பொத்தி விரித்துக் காட்டினாள். அவரும் விரித்தார். அது காதோரம் பறக்கிற நுளம்பைப் பிடிப்பதுபோல இருந்தது. ஜெமீலா வாயைப் பொத்திக்கொண்டாள். வதனி சிரிக்கவில்லை. அவருடைய முழங்கையைப் பிடித்து உயர்த்தி, நிமிர்த்தி, மறுபடி செய்யச் சொன்னாள். செய்தார். உள்ளங்கையை விரித்து, அங்கும் இங்கும் பார்த்து, எங்கே என்று கேட்டாள். அவர் உதவிக்குக் கஜானியைத் திரும்பிப் பார்த்தார். கஜானி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன.

அவர் சனத்தின் தலைகளுக்கு மேலால், தென்னைகளுக்கு நடுவே வாவிக்கு இறங்கும் ஒழுங்கையைத் தேடிக் கண்டுபிடித்தார். இடது கையால் அங்கே காட்டினார். வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பொத்தினார், விரித்தார். மைக் இல்லை, சத்தம் இல்லை. மைதானமே அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிரதீஸ் முன்வரிசையிலிருந்து நடந்து வந்து மேடையின் விளிம்பில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி அண்ணாந்து நின்றான். மாலைப்பூ இரண்டொன்று உதிர்ந்தது. தோள் நோகத் தொடங்கியிருக்க வேண்டும். கையை இறக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அவர் பொத்தினார், விரித்தார்.